தூணைக் கழுவிய அமிலம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். அப்பாவும் நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

“உன் கடிதத்தைப் பிரித்தாலே வாழைப்பழ வாசனை வருகிறதே, அங்கே என்னதான் செய்கிறீர்கள்?” என்று கேட்டிருந்தாய். அதைத்தான் செய்கிறோம். வினிகரில் இருக்கிற அமிலத்தையும் ஒரு வகை ஆல்கஹாலையும் சேர்த்தால் வாழைப்பழ வாசனையுள்ள எஸ்டர் கிடைக்கும். மிட்டாய்க்காரனும் வாங்குவான், நகப்பூச்சு செய்கிறவனும் வாங்குவான். ஆனால் இரண்டையும் சும்மா கலந்து வைத்தால் ஒன்றோடொன்று சேர மாதக் கணக்காகும். நடுவில் ஒரு தரகர் வேண்டும். இத்தனை வருஷமாக இங்கே அந்தத் தரகர் கந்தக அமிலம். கல்யாணத்தை முடித்துவைத்துவிட்டு வீட்டை விட்டுப் போகாத தரகர். அதை வெளியேற்றச் சோடா போட வேண்டும், கழுவ வேண்டும், கழுவிய தண்ணீரை எங்கேயாவது கொட்ட வேண்டும். டிரம்மைச் சாய்க்கிறவன் கையில் தெறித்தால் தோல் கையில் தங்காது.

என் புது முறையில் அந்த அமிலம் ரெசின் என்ற பிளாஸ்டிக் மணிகளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். எஃகுத் தூண் ஒன்றுக்குள் மணிகளை நிரப்பி, சூடான கலவையை மேலிருந்து விட்டால் கீழே எஸ்டராக இறங்குகிறது. யாரும் டிரம்மைத் தொட வேண்டியதில்லை. போன வாரம் தூணை ஓட்டினோம். மூன்று வருஷ வேலை, தம்பி.

தூணைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர் எனக்கே மறந்துவிட்டது. எல்லோருக்கும் அவர் ‘விசில்’. முன்பல் இரண்டுக்கும் நடுவே இருக்கிற சந்து வழியாக நாள் முழுக்க ஏதாவது பாட்டை ஊதிக்கொண்டிருப்பார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழைய அமிலத் தழும்பு. மணிகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். “என்ன மேடம், கடுகாட்டம் இருக்கு. இதுவா அந்த ராட்சசன் வேலையைச் செய்யும்?” என்றார். “கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா?” என்றேன். அன்று மாலை எஸ்டர் இறங்கியதும் முதலில் கை தட்டியது அவர்தான்.

ஒரு வேடிக்கை. தேனீ கொட்டும்போது விடுகிற வாசனையிலும் இதே எஸ்டர் இருக்கிறதாம். ஆலை வாசல் மரத்தில் கூடு கட்டியிருந்த தேனீயெல்லாம் சண்டை என்று நினைத்து வாட்ச்மேனைத் துரத்திவிட்டன. பாவம், இரண்டு கண்ணும் பணியாரம் போல வீங்கிக் கிடக்கிறார்.

அப்பாவிடம் தூண் ஓடுகிறது என்று சொல். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா


பிப்ரவரி 2

அன்பு அக்காவுக்கு,

தம்பி. எல்லோரும் நலம். நீயும் அப்படியே என்று நினைக்கிறேன்; தூண் ஓடுகிறது என்ற சந்தோஷத்தில் சாப்பாட்டை மறந்திருப்பாய் என்பது வேறு விஷயம்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு முறை வாசித்தேன். ரயில் கார்டாக இருந்தவர் அல்லவா, கொடியசைத்துப் பழகிய கையை ஆட்டி “பொறப்படட்டும்” என்றார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், தன் மகள் வாழைமரமே இல்லாமல் வாழைப்பழம் செய்கிறாள் என்று பெருமையடித்தார். அவர் ஒரு சீப்பு கேட்டார்.

என் மூக்குக்கண்ணாடிக் கடை பரவாயில்லை. நேற்று ஒருவர் வந்து, “தம்பி, என் பொண்டாட்டி முகம் மட்டும் தெளிவாத் தெரியாத மாதிரி ஒரு கண்ணாடி போட்டுக் குடுங்க” என்றார். அந்த அம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மீதியை எழுதத் தேவையில்லை.

அப்பா நடக்கும்போது இடது கால் கொஞ்சம் இழுக்கிறது. கேட்டால் செருப்புச் சரியில்லை என்கிறார். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

உன் தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தான். உங்கள் நலத்துக்கு எழுது. அப்பாவின் கால் செருப்பால் இழுக்கவில்லை. நாளைக்கே டாக்டரிடம் காட்டு.

தூணில் ஒரு சின்னத் தொல்லை. எஸ்டர் குறைந்துகொண்டே வருகிறது. பழைய குழாயிலிருந்து இரும்புத் துரு வந்து மணிகளில் உட்கார்ந்துவிட்டது. அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு. நீர்த்த கந்தக அமிலத்தை மெதுவாக விட்டுக் கழுவினால் மணிகள் பழையபடி ஆகிவிடும்.

மேனேஜருக்கு அவசரம். உனக்குத் தெரியும், பெண் என்று பத்து இடத்தில் கதவைச் சாத்தியபோது எனக்கு வேலை கொடுத்தவர் அவர். அவரை நான் எதிர்த்துப் பேசியதில்லை. இன்று பேச வேண்டியதாயிற்று. தூணுக்கு அடியில் நானும் அவரும் விசிலும் நின்றுகொண்டிருந்தோம்.

“நைட்ரிக் ஆசிட் ஊத்தினா எஃகுல இருக்கிற துருவும் போகும், மணியும் புதுசாகும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா” என்றார்.

“வேண்டாம் சார். நைட்ரிக் வெறும் எஃகுக்குச் சரி. மணி உள்ளே இருக்கும்போது கூடவே கூடாது. மணியோட சண்டை போடும். சூடாகும், வாயு கிளம்பும். தூண் தாங்காது.”

“ஆசிட்னா எல்லாம் ஆசிட்தானேம்மா.”

“நாய்னா எல்லாம் நாய்தான் சார். ஆனா கடிக்கிற நாய் வேற” என்று விசில் குறுக்கே சொன்னார். மேனேஜரே சிரித்துவிட்டார். அடுத்த மாதம் நான் நிதானமாகக் கழுவித் தருகிறேன் என்று ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன்.

டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அக்கா


மார்ச் 4 (தந்தி)

அப்பா கவலைக்கிடம். உடனே வா. தம்பி.


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

வந்து சேர்ந்தேன். வழியில் தொந்தரவு எதுவும் இல்லை. உன் மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாடு இரண்டு வேளைக்கு வந்தது, அவளிடம் சொல்.

அப்பாவின் வாயை ஒரு பக்கமாக இழுத்திருப்பது இப்போது எப்படி இருக்கிறது? கையைப் பிசைந்துவிட மறக்காதீர்கள். சூடு ஒத்தடம் இதமாக இருக்கட்டும். அவருக்கு அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லை, சுட்டாலும் சொல்ல மாட்டார்.

தூண் இப்போது ஓடவில்லை. வேலை நிறைய இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 15

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பா தேறி வருகிறார். நீ கிளம்புவதற்கு முந்தைய நாள் உன்னைப் பார்த்து “பெரியவளே” என்றாரே, அதற்குப் பிறகு இப்போது “தண்ணி”, “போதும்” என்றும் வருகிறது. என்னை மட்டும் இன்னும் கூப்பிடவில்லை. இருபத்து நாலு மணி நேரமும் பக்கத்தில் இருக்கிறவனைக் கூப்பிடுவானேன் என்று இருக்கும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கியவளை, “இன்னும் நாலு நாள் இரு, அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும்” என்று நான் பிடித்து வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று, பார்த்தாயா?

உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. எப்போதும் இரண்டு பக்கத்துக்குத் தூணைப் பற்றி எழுதுகிறவள், “ஓடவில்லை” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாய். கழுவியாகிவிட்டதா? விசில் இப்போது என்ன பாட்டு ஊதுகிறார்? அவர் பேச்சைக் கேட்டால் அப்பாவுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். எழுது.

உன் தம்பி


மே 28

தம்பிக்கு,

உங்க அக்கா குடியிருக்கிற வீட்டுக்காரம்மா எழுதுறது. நல்லா இருக்கீங்களா? அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கு? நீங்க எனக்குப் போட்ட கடுதாசி வந்துச்சு. அக்காவுக்கு நீங்க போட்டதெல்லாமும் வந்துச்சு. மேசை மேல பிரிச்ச மாதிரியே கிடக்கு. பதில் எழுத உக்காருவாங்க, பேனாவை மூடி வச்சிட்டு எந்திரிச்சுடுவாங்க. நான் சொன்னேன்னு தெரிஞ்சா கோவிப்பாங்க. ஆனாலும் கூடப் பொறந்தவரு நீங்க, எத்தனை நாளைக்கு மறைக்கிறது.

அந்தத் தூணு வெடிச்சிருச்சு தம்பி. காலையில டீ குடிக்கிற நேரம். எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடி உதிர்ந்து அடுப்பங்கரை வரைக்கும் வந்து விழுந்துச்சு. நாங்க எல்லாரும் ஆலை கேட்டுக்கு ஓடினோம். பக்கத்துல நின்ன ஆளு, பல்லு வழியா சீட்டி அடிப்பாரே, அவரு போயிட்டாரு. அவர் சம்சாரத்தை உள்ள விடல. அந்தப் பொண்ணு கேட்டைப் புடிச்சுக்கிட்டு நின்ன நிலைமையை நான் எழுத மாட்டேன்.

அப்ப உங்க அக்கா இங்க இல்ல, உங்ககிட்டதான் இருந்தாங்க. திங்கக்கிழமை வந்துருவேன்னு ஆலைக்கும் எனக்கும் கடுதாசி போட்டிருந்தாங்க, வரல. புதன்கிழமை இது நடந்துச்சு. வெள்ளிக்கிழமை பெட்டியோட தெருவுல எறங்கி நடந்து வர்றாங்க, எல்லாரும் அவங்களையே பாக்குறாங்க. அவங்களுக்கு எதுவும் தெரியாது. நான்தான் சொன்னேன். பெட்டியைக் கீழ வைக்காம கேட்டாங்க. கேட்டு முடிச்சிட்டு, “என்ன ஆசிட்?”னு மட்டும் கேட்டாங்க. எனக்கென்ன தெரியும்.

சாப்பாடு சரியில்ல. நீங்க எழுதுங்க. அப்பாவைப் பாத்துக்கங்க.

வீட்டுக்காரம்மா


ஜூன் 3

அக்கா,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. உன் வீட்டுக்கார அம்மாளைக் கோபிக்காதே. நான்தான் எழுதிக் கேட்டேன்.

இரண்டு மாதமாக என்னிடம் மறைத்திருக்கிறாய். நான் பாட்டுக்கு “விசில் என்ன பாட்டு ஊதுகிறார்” என்று எழுதியிருக்கிறேன். அதை வாசித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும்?

திங்கட்கிழமை போயிருந்தால் நீ அங்கே இருந்திருப்பாய். நீ இருந்திருந்தால் அந்த அமிலத்தை ஊற்ற விட்டிருப்பாயா? அந்தப் புதன்கிழமை, நான் உன்னைப் பிடித்து வைத்த நாட்களில் ஒன்றுதானே? நாட்காட்டியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அப்படித்தான் வருகிறது. நீ வாய் திறந்து சொல். ஆமாம் என்றாலும் சொல்.

அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. தூண் ஓடுகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தம்பி


ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்குக் கை அசைகிறதா? விரல் மடக்கச் சொல்லிப் பழக்கு.

நைட்ரிக்தான். எஸ்டர் குறையக் குறைய முதலாளி நெருக்கியிருக்கிறார். மேனேஜர் டிரம்மை வரவழைத்திருக்கிறார். விசில் முதலில் மாட்டேன் என்றாராம். “மேடம் வந்துரட்டும் சார், திங்கக்கிழமை வந்துருவாங்க” என்றாராம். செவ்வாய்க்கிழமையும் பார்த்திருக்கிறார்கள். பிறகு ஊற்றியிருக்கிறார். நுரைத்திருக்கிறது. மற்றவர்களை வெளியே ஓடச் சொல்லிவிட்டு வால்வைத் திறந்துவிடப் போயிருக்கிறார். இதை வெளியே ஓடி வந்த ஒருவன் என்னிடம் மட்டும் சொன்னான். விசாரணையில் சொல்வாயா என்றேன். “எனக்கும் புள்ளகுட்டி இருக்கு மேடம்” என்றான்.

இப்போது விஷயம் இதுதான். தொழிற்சாலை ஆய்வாளர் அடுத்த மாதம் விசாரிக்க வருகிறார். முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். “விசில் தானாகவே டிரம்மை மாத்தி எடுத்துட்டான். உங்க முறையில எந்தக் குத்தமும் இல்ல. இப்படிச் சொன்னீங்கன்னா இங்க மறுபடியும் தூணை எழுப்புறோம், இன்னும் ரெண்டு ஆலையிலயும் போடுறோம். மாத்திச் சொன்னீங்கன்னா, தூணே ஆபத்துன்னு ஆயிடும். பழைய ஆசிட்டுக்குத்தான் போகணும்” என்றார். மேனேஜர் பக்கத்திலேயே இருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

விசில் மேல் தப்பு என்று ஆனால் அவர் சம்சாரம் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். நஷ்ட ஈடு கிடையாது. அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதி மூடிவிடுவார்கள். தப்பில்லை என்று ஆனால் தூண் போகும். மூன்று ஆலையிலும் ஆட்கள் டிரம்மைச் சாய்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் கைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

ரசாயனத்தில் எனக்கு இப்படி ஒரு கணக்கு வந்ததில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

அக்கா


ஜூலை 1

அன்பு அக்காவுக்கு,

இங்கே நலம். அப்பா நேற்று வாசல் வரை நடந்தார்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. “திங்கட்கிழமை வந்துவிடுவார்கள்” என்று அவர் சொன்னதை எழுதியிருக்கிறாய். அது போதும். இனி கேட்க மாட்டேன்.

நீ கேட்டதற்கு என் மனதில் பட்டதை எழுதுகிறேன். திட்டாதே. செத்தவர் செத்துவிட்டார். அவருக்குப் பேர் இருந்தால் என்ன, போனால் என்ன? உயிரோடு இருக்கிறவன் கையைப் பார். முதலாளி சொல்கிறபடி சொல்லிவிட்டு, தூணை மறுபடி எழுப்பி, அந்த அம்மாளுக்கு நாம் முடிந்ததைச் செய்வோம். மாதா மாதம் நான் அனுப்புகிறேன். சத்தியமாக அனுப்புகிறேன். மூன்று வருஷ உழைப்பு உனக்கு. மேனேஜர் என்கிற முட்டாள் செய்த வேலைக்கு அதைப் பலி கொடுக்காதே.

இதை எழுதிவிட்டு என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். முடிக்கும் முன்பே அவள் எழுந்து போய்விட்டாள். இருந்தாலும் அனுப்புகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாதது கோபத்தால் இல்லை. நீ எழுதியதையேதான் நானும் பல நாள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விசாரணை ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. வெடித்ததில் வேறு பெரிய அறை எதிலும் ஜன்னல் மிஞ்சவில்லை. என் முறை வந்ததும் முதலாளி எதிர்பார்த்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், தம்பி. இறந்தவர் பெயர் என்ன என்று ஆய்வாளர் கேட்டார். விசில் என்றேன். “முழுப் பெயர்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் பக்கத்தில் நின்ற மனிதர். பின்வரிசையிலிருந்து அவர் சம்சாரம் எழுந்து பெயரைச் சொன்னாள். அதற்குப் பிறகு என்னால் வேறு மாதிரி பேச முடியவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன்.

“நைட்ரிக் கூடாதுன்னு எழுத்துல ஏன் குடுக்கல?” என்று ஆய்வாளர் கேட்டார்.

“நேர்ல சொன்னா போதும்னு நெனச்சேன். தூணுக்கு அடியில நாங்க மூணு பேரும் நின்னோம்.”

“அதுல ஒருத்தர் இப்ப இல்ல” என்றவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். வெடித்த அன்றைக்கு மேனேஜருக்கு ஒரு காது கேட்காமல் போய்விட்டது. ஆய்வாளர் கேள்வியை இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் மறுத்துவிடுவார், என் வாய்க்கும் அவர் வாய்க்கும் வழக்கு என்று ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

“சொன்னாங்க. நான்தான் கேக்கல” என்றார். அவ்வளவுதான். அந்த வாரமே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நானும் எதிரே போகவில்லை.

முதலாளியும் சொன்னபடியே செய்தார். தூணின் அடிப்பாகம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அதையும் வெட்டி லாரியில் ஏற்றினார்கள். மற்ற ஆலைகளில் போடுகிற பேச்சு நின்றது. கலவைத் தொட்டிப் பக்கம் பழையபடி கந்தக அமில டிரம்கள் வந்து வரிசையாக நிற்கின்றன. இரண்டாவது வாரமே ஒருவனுக்குக் கழுத்தில் தெறித்தது. கண்ணுக்குப் போகவில்லை என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். மாதக் கடைசியோடு என் வேலை முடிகிறது. காரணம் கேட்டதற்கு, இங்கே இனி ஆராய்ச்சிக்கு வேலை இல்லை என்றார்கள். உண்மைதான்.

விசில் மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். குவார்ட்டர்ஸ் தங்கியது. நஷ்ட ஈடு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆலை ஒப்பந்தப்படி குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கொடுக்க வேண்டும் அல்லவா, அதை மட்டும் உடனே கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அமிலப் பிரிவில் வேலை. காலி டிரம் கழுவ வேண்டும். ஆள் வராத நாளில் அமிலம் கலக்கவும் வேண்டும்.

கேட்டதும் முதலாளியிடம் ஓடினேன். வேறு இடம் கொடுங்கள் என்றேன். “வேலை குடுக்கணும்னு நீங்கதானே சாட்சி சொல்லி வாங்கிக் குடுத்தீங்க. எங்க காலி இருக்கோ அங்கதான் குடுக்க முடியும்” என்றார். அவளிடம் போய் இந்த வேலை வேண்டாம், நானும் தம்பியும் மாதா மாதம் ஏதாவது செய்கிறோம் என்றேன். அவள் கேட்டாள்: “எத்தனை மாசத்துக்கு மேடம்?” உன்னிடம் பதில் இருந்தாலும் இப்போது எழுதாதே.

அந்தப் புதன்கிழமையைப் பற்றி இனி கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். கேட்காமலே மனதில் வைத்துக்கொண்டிருப்பாய், எனக்கு உன்னைத் தெரியாதா? ஆமாம், அந்த நாட்களில் ஒன்றுதான். இருக்கச் சொன்னது நீ, இருந்தது நான். அப்பா என்னைக் கூப்பிட்ட அந்த ஒரு சொல்லுக்காக இப்போதும் இருப்பேனா என்று கேட்டால், இருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பெண் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நேற்று எனக்குக் கடைசி நாள். அவளுக்கு அது முதல் நாள். காலையிலேயே அமிலப் பிரிவுக்குப் போய்விட்டேன். கையுறை அவளுக்கு இரண்டு மடங்கு பெரிது. மணிக்கட்டில் நாடா வைத்துக் கட்டிவிட்டேன். பாதுகாப்புக் கண்ணாடி எப்படிப் போடுவது, தெறித்தால் துடைக்காமல் தண்ணீருக்கு அடியில் எத்தனை நேரம் பிடிப்பது, எல்லாம் காட்டினேன். அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கவனமாகக் கேட்டாள்.

“எப்பவும் ஆசிட்டைத்தான் தண்ணியில ஊத்தணும். தண்ணியை ஆசிட்ல ஊத்தவே கூடாது. கொதிச்சு மேல அடிக்கும்” என்றேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

“ஆசிட்டைத் தண்ணியில.”

“இன்னொரு தடவை.”

“ஆசிட்டைத் தண்ணியில” என்றவள், கையுறை நாடாவை இழுத்துப் பார்த்துக்கொண்டே, “அவருக்கும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல. அவருக்கு முன்னாடியே தெரியும்.”

தலையை ஆட்டிவிட்டு வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனாள். சங்கு ஊதும்வரை நான் அங்கேயே, அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை ரயிலேறுகிறேன். அப்பாவிடம் தூணைப் பற்றி நானே சொல்லிக்கொள்கிறேன். நீ எதுவும் சொல்ல வேண்டாம். எல்லோரும் நலமாக இருங்கள்.

அக்கா